ஊருக்கு வந்த பரீட்சை

வக்கீல் லைசென்ஸ் பரீட்சை இனிமேல் தலைநகரத்தில் மட்டும் நடக்காது, வெளியே ஐந்து ஊர்களிலும் நடக்கும், அதில் நம்ம ஊரும் ஒன்று என்ற செய்தி எடைமேடைக்கு ஒரு ஜல்லி லாரியோடு வந்து சேர்ந்தது. டிரைவர் இறங்கி வந்து, கண்ணாடி அறையின் ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்.

"கிலோ அண்ணே, உங்க பையன் வக்கீலுக்குத்தானே படிச்சான்?"

"படிச்சு முடிச்சுட்டான். லைசென்ஸ் பரீட்சைதான் பாக்கி. ஏன் கேக்கறே?"

"பெரிய பள்ளிக்கூடத்துல சென்டர் போடறாங்களாம். எங்க எதிர்வீட்டு வாத்தியார் சொன்னாரு. இனிமே யாரும் பரீட்சைக்குன்னு ராத்திரி பூரா ரயில்ல போக வேணாம்."

திரையில் எண்கள் ஓடி நின்றன. வழக்கமாக அவர் அதை உரக்கப் படித்துவிட்டுத்தான் சீட்டு அடிப்பார். அன்றைக்குப் படிக்க மறந்துவிட்டார். டிரைவரே எட்டிப் பார்த்துப் படித்துக்கொண்டார்.

அவருக்குக் கிலோ என்று பெயர் வைத்தது லாரிக்காரர்கள்தான். ஊர் எல்லையில் இரண்டு ரோடு சேருகிற இடத்தில் அந்த எடைமேடை இருந்தது. லோடு வண்டி ஒரு தடவை ஏறும், இறக்கிவிட்டு வந்து காலி வண்டி ஒரு தடவை ஏறும், இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் சரக்கு. இருபத்திரண்டு வருஷமாக அவர் செய்தது இந்தக் கழித்தல் கணக்கைத்தான். பின் சக்கரத்தை மேடைக்கு வெளியே ஒரு சாண் விட்டு நிறுத்துகிறவன், கிளீனரை லோடு மேலேயே படுக்க வைத்துவிட்டு ஒன்றும் தெரியாத மாதிரி வானத்தைப் பார்க்கிறவன், எல்லோரையும் அவர் பார்த்திருக்கிறார். சத்தம் போட மாட்டார். "மேல படுத்திருக்கிற ஐயா கொஞ்சம் எறங்கி வந்தா நல்லாருக்கும்" என்று மைக்கில் சொல்வார், அவ்வளவுதான். மழை பெய்தால் மேடையின் ஓரச் சந்தில் சேறு போய் அடைத்துக்கொள்ளும். அடைத்தால் எடை பொய் சொல்லும். நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு குனிந்து குனிந்து நாலு பக்கமும் குத்திச் சேற்றை எடுப்பார். அதற்கென்று தனியாக ஆள் இருந்தான், ஆனால் அவனுடைய வேலை அவருக்குத் திருப்தியாக இருந்ததில்லை.

மனைவி இறந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு அவர் பேசிய பேச்செல்லாம் லாரிக்காரர்களோடுதான். அவர்களுக்கோ எப்போதும் அவசரம். ஒரு பேச்சு சூடு பிடிக்கும் நேரத்தில் பின்னால் நிற்கிற வண்டி ஹாரன் அடிக்கும். சாயங்காலம் நாலு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் ரேடியோ. ரேடியோ பேசும், பதிலுக்கு யாரும் பேச முடியாது.

மகன் தலைநகரத்தில் ஒரு பெரிய வக்கீலிடம் இருந்தான். டைப் அடிப்பான், கட்டுக் கட்டாக ஃபைல் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போவான், சீனியருக்குப் பின்னால் நிற்பான். வாய் திறக்கக் கூடாது. வாய் திறக்க லைசென்ஸ் வேண்டும், லைசென்ஸுக்குப் பரீட்சை எழுத வேண்டும். வருஷத்துக்கு இரண்டு தடவை பரீட்சை. முந்தின தடவை விண்ணப்பம் போட்டவர்கள் அதிகம், அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவனே ஃபோன் செய்தான்.

"அப்பா, நான் நம்ம ஊர் சென்டரே போட்டுட்டேன். பன்னெண்டு நாள் முன்னாடியே வந்து வீட்டுல உக்காந்து படிக்கலாம்னு பாக்கறேன். இங்க ரூம்ல ஆறு பேரு. ஒருத்தன் பாடறான், ஒருத்தன் அழறான். உங்களுக்குத் தொந்தரவு இல்லையே?"

"தொந்தரவா? போடா" என்றார்.

அம்மா செத்ததற்கு வந்தவன் ஒரு வாரம் இருந்தான். அதற்குப் பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை, இரண்டு நாள். பன்னிரண்டு நாள் என்பதை அவர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். இரண்டு கை விரலும் போதவில்லை.

வெயில் காலம் அது. முன்னறையில் இருந்த மேஜையை ஜன்னலோரம் நகர்த்தினார். நாற்காலியின் ஒரு கால் ஆடியது, அட்டை மடித்து வைத்தார், பிறகு அதுவும் சரியில்லை என்று கடைத்தெருவுக்குப் போய் வேறு நாற்காலியே வாங்கி வந்துவிட்டார். மகன் வந்தான். இளைத்திருந்தான். ஒரு பை நிறையப் புத்தகம், இன்னொரு சின்னப் பையில் துணி. காலையில் அவர் சோறு, பருப்பு, ஒரு பொரியல் என்று செய்து மூடி வைத்துவிட்டு ஏழு மணிக்கு வேலைக்குப் போவார். மத்தியானம் அவருக்கு அரைமணி நேர இடைவேளை. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள்கூட அவர் அதற்கு வீட்டுக்குப் போனதில்லை. இப்போது சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

"நீ படி, நான் சும்மா தண்ணி குடிக்கத்தான் வந்தேன்" என்பார். தண்ணீர் குடிப்பார். பிறகு, "ஒரே ஒரு சந்தேகம்டா" என்பார்.

சந்தேகம் கேட்பது ஒரு நல்ல வழி என்று அவர் கண்டுபிடித்திருந்தார். சந்தேகம் சட்டத்தைப் பற்றி இருந்தால் அது தொந்தரவு ஆகாது, படிப்புக்கு உதவி என்று அவருக்கு ஒரு நினைப்பு.

"இப்ப ஒரு லாரி மணல் ஏத்தறான். ஆத்துலேர்ந்து அள்ளின ஈர மணல். எங்கிட்ட எடை போட்டுச் சீட்டு வாங்கிட்டுப் போறான். வழியில வெயிலு. தண்ணியெல்லாம் சொட்டிடுச்சு, காஞ்சிடுச்சு. வாங்கறவன் அங்க எடை போட்டா குறையுது. இப்ப யாரு மேல தப்பு?"

மகன் புத்தகத்தில் விரலை வைத்தபடியே சிரிப்பான். "நல்ல கேள்விதான்பா. ஒப்பந்தத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்கணும்."

"ஒண்ணும் எழுதல. வாய்ப் பேச்சு."

"அப்ப வழக்கமா அந்தத் தொழில்ல என்ன பண்றாங்கன்னு பாக்கணும்."

"வழக்கமா அடிச்சுக்குவாங்க."

அப்படியே ஒரு மணி நேரம் போகும். எடைமேடையில் மூன்று வண்டி காத்துக்கொண்டிருக்கும். முதலாளி ஒருநாள் கேட்டே விட்டார், "என்னய்யா, புதுசாக் கல்யாணம் ஆனவன் மாதிரி வீட்டுக்கு ஓடறே?"

இரண்டு நாள் பரீட்சை, நாலு பேப்பர். அந்தச் சென்டரில் மொத்தம் பத்தொன்பது பேர்தான் எழுதினார்கள். தலைநகரத்திலிருந்து சீல் வைத்த பெட்டியோடு ஒரு அம்மா வந்து மேற்பார்வை பார்த்தார்கள். எழுதி முடித்த மறுநாள் மகன் போய்விட்டான். அவன் படுத்த பாயைச் சுருட்டாமல் அவர் இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்து ஃபோன் வந்தது. "அப்பா, போச்சுப்பா. நாலு மார்க்குல."

"பரவால்லடா. விடு" என்றார் கிலோ. "மறுபடி எழுதிக்கலாம். எப்ப வரும் மறுபடி?"

"ஆறு மாசத்துல."

"அப்ப இங்கதானே எழுதுவே?"

"அங்கதான்."

ஃபோனை வைத்த பிறகு அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் ஏதோ இலேசாக இருந்தது, இறக்கி வைத்துவிட்டு வருகிற காலி வண்டி மாதிரி. அது என்னவென்று அவருக்கு உடனே பிடிபடவில்லை. அரிசியைக் களைந்து உலையில் போடும்போதுதான் பிடிபட்டது. சந்தோஷம். அவர் கையை உதறிக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பெற்ற பிள்ளை தோற்றதற்குச் சந்தோஷப்படுகிற மனுஷனை அவர் கேள்விப்பட்டதில்லை. சோறு குழைந்துபோனது.

இரண்டாம் தடவை மழைக் காலத்தில் வந்தது. இந்தத் தடவை அவர் பன்னிரண்டு நாளும் லீவு போட்டார். இத்தனை வருஷத்தில் சேர்த்து வைத்த லீவு கிடந்தது, முதலாளியால் மறுக்க முடியவில்லை. மழை விடாமல் பெய்ததால் வெளியே போகவும் வழியில்லை. அப்பாவும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ். காலையில் முட்டை, பத்து மணிக்கு டீ, பதினொரு மணிக்கு வேர்க்கடலை வறுத்தது, மத்தியானம் மீன், மூன்று மணிக்கு மறுபடி டீ. ஒவ்வொன்றையும் கொண்டுபோய் வைக்கும்போது ஒரு சந்தேகம்.

மகன் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. சாயங்காலம் ஆனால் மட்டும், "கொஞ்சம் நடந்துட்டு வரேன்பா" என்று குடையை எடுத்துக்கொண்டு போவான். திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆகும். மழையில் இவ்வளவு நேரம் எங்கே நடக்கிறான் என்று அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தத் தடவை பதினொரு மார்க் குறைந்தது.

சேதி வந்த மறுநாள் எதிர்வீட்டுத் தையற்காரம்மா வாசலில் நின்று அவரைக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்துக் கொடுக்கிறவள். புருஷன் வெளிநாட்டில். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு பேசத் தெரியாதவள்.

"அண்ணே, நான் ஒண்ணு சொல்லுவேன். கோச்சுக்கக் கூடாது."

"சொல்லு தங்கச்சி."

"தம்பி ஃபெயிலாமே?"

"ஆமா. பதினோரு மார்க்கு."

"போன தடவை நாலு. இப்ப பதினொண்ணு. அடுத்த தடவை நீங்க இன்னும் நல்லாக் கவனிச்சீங்கன்னா இருபது ஆயிடும்."

அவருக்குப் புரியவில்லை.

"சாயங்காலம் சாயங்காலம் தம்பி நடக்கப் போறேன்னு எங்க போச்சுன்னு நெனச்சீங்க? எங்க வீட்டுப் பின்பக்கப் படியில உக்காந்துதான் படிச்சுது. மேல தகரம் இருக்கு, நனையாது. முந்நூறு சட்டை ஆர்டர் நின்னுச்சு எனக்கு. ஆனாலும் மெஷினை நிறுத்தி வெச்சேன், பாவம் படிக்கட்டும்னு. 'அக்கா, அப்பாகிட்ட சொல்லிடாதீங்க, மனசு கஷ்டப்படுவாரு'ன்னு சொல்லிச்சு. நானும் இத்தினி நாள் சொல்லல. இனிமே சொல்லலன்னா அது பாவம்."

கிலோ வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். "நான் பேசினா அவனுக்குப் பிடிக்கும்னு நெனச்சேன்" என்றார்.

"பிடிக்கும். யாரு இல்லேன்னா? பிடிக்கறதுக்கும் பரீட்சைக்கும் என்னண்ணே சம்பந்தம்?" அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது வீட்டுக்கு வந்தது சத்தம் இல்லாம இருக்கத்தான். நீங்க சத்தத்துக்கு ஏங்கிப்போய்க் கெடக்கறீங்க. ரெண்டும் எப்படி ஒத்து வரும்?"

அவர் உள்ளே போய்ப் படுத்தார். சாப்பிடவில்லை. அவள் சொன்னது பாதிதான் என்று அவருக்குத் தெரியும். மீதிப் பாதி அவளுக்குத் தெரியாது. அதை யாரிடமும் சொல்ல முடியாது.

மூன்றாம் தடவைக்கு மகன் வந்து இறங்கியபோது, அவர் பையில் இரண்டு சட்டையும் ஒரு போர்வையும் எடுத்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

"எடை சரியா இருக்கான்னு பாத்து மெஷினுக்கு முத்திரை போட ஆபீசர் வராங்கடா. மேடையைத் தூக்கிச் சுத்தம் பண்ணணும். ராத்திரி ஆளும் லீவு. நான் அங்கதான் படுத்துக்கணும், பத்து பன்னெண்டு நாளைக்கு. அரிசி, பருப்பு எல்லாம் இருக்கு. தையக்காரம்மா மத்தியானம் கொழம்பு குடுப்பாங்க. நீ பாட்டுக்குப் படி."

மகன் ஏதோ கேட்க வாயெடுத்தான். அவர் சைக்கிளில் ஏறிவிட்டார்.

கண்ணாடி அறையில் ஒரு பெஞ்சு இருந்தது. கால் நீட்டினால் வெளியே போகும். அதில்தான் படுத்தார். பகலில் மேடையின் தகட்டில் முட்டை உடைத்து ஊற்றினால் வெந்துவிடும், அப்படி வெயில். வீடு அங்கிருந்து சைக்கிளில் பத்தே நிமிஷம். மகன் இருக்கிறான், விளக்கு எரிகிறது, நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள், அவர் போகவில்லை. வீட்டில் யாரும் இல்லாதபோது தனியாக இருந்தது ஒரு மாதிரி. ஆள் இருக்கும்போது தனியாக இருப்பது வேறு மாதிரி இருந்தது. லாரிக்காரர்களிடம்கூட அவர் அதிகம் பேசவில்லை. "கிலோ அண்ணனுக்குப் பேட்டரி எறங்கிப்போச்சு" என்றான் ஒரு கிளீனர்.

பரீட்சைக்கு மூன்று நாள் இருக்கும்போது, நடு மத்தியானத்தில் மகன் தூக்குப் பாத்திரத்தோடு நடந்து வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"எதுக்குடா இந்த வெயில்ல? படிக்கிற நேரம்."

"சோறு வடிச்சேன். முட்டை பொரிச்சேன். சாப்பிடுங்க." பாத்திரத்தைப் பெஞ்சில் வைத்தான். வைத்துவிட்டு நின்றான். "ராத்திரி ஆளை நேத்து கடைத்தெருவுல பார்த்தேன்பா. 'லீவா அண்ணே'ன்னு கேட்டேன். 'உங்கப்பாதான் வராதேன்னுட்டாரு, நானே பாத்துக்கறேன்னாரு'ங்கறாரு. முத்திரை போட்டு ரெண்டு மாசம் ஆச்சாமே?"

கிலோ தூக்கின் மூடியைத் திறந்தார். மூடினார்.

"என்னைப் பாக்கவே கூச்சமா இருக்காப்பா?"

"சீ. என்னடா பேச்சு."

"ரெண்டு தடவை போயிடுச்சு. ஊர்ல கேப்பாங்க. லாரிக்காரங்க கேப்பாங்க. எனக்குப் புரியுது. ஆனா மூஞ்சியில முழிக்கக் கூடாதுன்னு பெஞ்சுல வந்து படுக்கற அளவுக்கா?"

வெளியே ஒரு பழைய இரும்பு லாரி ஏறியது. கிலோ மைக்கை எடுத்தார். "பின்னாடி ஒரு அடி வாங்க... போதும். எறங்குங்க." எண் நின்றது. படித்தார். சீட்டு அடித்தார். டிரைவர் வாங்கிக்கொண்டு போகும்வரை மகன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"தையக்காரம்மா எல்லாம் சொல்லிட்டாங்க" என்றார் கிலோ. "பின்பக்கப் படி. நான் வீட்டுல இருந்தா பேசுவேன். பேசாம இருக்க எனக்கு வராது. அதான் வந்துட்டேன்."

மகனின் முகம் தெளிந்தது. "அவ்வளவுதானா? அதுக்கு என்கிட்ட நேராச் சொல்லியிருக்கலாமே. நானும் கதவைச் சாத்திக்கறேன்னு சொல்லியிருப்பேன்."

"அவ்வளவுதான் இல்ல." அவர் சீட்டுக் கட்டைச் சரி செய்தார். ஏற்கெனவே அது சரியாகத்தான் இருந்தது. "மொதத் தடவை நீ ஃபோன் பண்ணினியே, நாலு மார்க்குன்னு."

"ம்."

"எனக்குச் சந்தோஷமா இருந்துச்சுடா."

"என்னது?"

"மறுபடி வருவேன்னு. ஆறு மாசத்துல, பன்னெண்டு நாளு. நான் வேணும்னு நெனைக்கல. அதுவா வந்துச்சு."

மகன் அவரையே பார்த்தான். கண்ணாடிக்கு வெளியே தூசு பறந்து அடங்கியது.

"ரெண்டாந்தடவை?"

"ரெண்டாந்தடவையும்தான்." கொஞ்சம் யோசித்தார். எடையை ஒருநாளும் கூட்டியோ குறைத்தோ சொல்லாதவர். "கொஞ்சம் கம்மியா."

மகன் சிரிக்கப்போகிறான் என்று நினைத்தார். அவன் வாய் அப்படித்தான் கோணியது. ஆனால் சிரிக்கவில்லை.

"நாலு மார்க்குப்பா" என்றான். "அந்த வாரம் பூரா நான் சாப்பிடல. ரூம்ல ஆறு பேர்ல நாலு பேர் பாஸ். ஸ்வீட் வாங்கிட்டு வந்து குடுக்கறாங்க, திங்கறேன், முழுங்க முடியல. சீனியர் இப்பல்லாம் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறதில்ல. 'ஃபைலு'ங்கறாரு. 'ஃபைலு, இங்க வா. ஃபைலு, அந்த ஃபைலை எடு.' எல்லாரும் சிரிக்கறாங்க. நானும் சிரிக்கறேன். உங்களுக்குச் சந்தோஷம்!"

 கிலோவையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது, ஆனால் அதில் அவருக்கு ஒருநாளும் வலித்ததில்லை. பிள்ளையை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்றபோது வலித்தது.

"நான் போறேன்" என்றான் மகன். வாசல்வரை போய்த் திரும்பினான். "சாப்பிடுங்க. ஆறிடும்."

முட்டையில் உப்பு போட மறந்திருந்தான். கிலோ ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

பரீட்சையின் இரண்டு நாளும் அவர் பள்ளிக்கூடத்துப் பக்கம் போகவில்லை. நின்று பார்க்க வேண்டும் போல இருந்தது. அவன் கண்ணில் பட்டால் படித்ததெல்லாம் அவனுக்கு மறந்துவிடுமோ என்று பயம். வண்டி இல்லாத நேரத்தில் கம்பியை எடுத்துக்கொண்டு மேடையின் ஓரத்தைக் குத்திக்கொண்டிருந்தார். வெயில் காலம், சேறும் இல்லை ஒன்றும் இல்லை. நெஞ்சுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டார்: பாஸாகட்டும், பாஸாகட்டும். சொல்லும்போதே, சொல்கிறவன் உண்மையாகத்தான் சொல்கிறானா என்று இன்னொருவன் உள்ளே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் மகன் இரண்டு பையையும் தூக்கிக்கொண்டு எடைமேடைக்கே வந்தான். தலைநகரத்து பஸ் அந்த வழியாகத்தான் போகும், கை காட்டினால் நிற்கும்.

"இன்னிக்கேவா?"

"நாளைக்குக் கோர்ட் இருக்கு."

"எப்படி எழுதினே?"

"எழுதியிருக்கேன்."

இரண்டு பேரும் ரோட்டோரம் நின்றார்கள். தூரத்தில் ஒரு வண்டி வந்தது, பஸ் இல்லை.

"கோவமாடா?"

"கோவமெல்லாம் இல்லப்பா." ரோட்டைப் பார்த்தான். "கொஞ்சம் இருக்கு."

"இருக்கட்டும்."

"பாஸாயிட்டா நான் வர மாட்டேன்னு உங்களுக்கு யாரு சொன்னா? வாடான்னு ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாம். ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா வந்திருப்பியா?"

மகன் பையின் வாரைத் தோளில் சரிசெய்தான். பொய் சொல்ல அவனுக்கும் வராது. பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, கை காட்டினான். கிலோவும் கையைத் தூக்கினார். பஸ் போன பிறகும் கை கொஞ்ச நேரம் மேலேயே இருந்தது.

முடிவு வந்த அன்று மேடையில் நெல் லாரி ஒன்று நின்றுகொண்டிருந்தது.

"அப்பா, பாஸ்" என்றான் மகன். பின்னால் ஒரே கூச்சல், யாரோ மேஜையைத் தட்டினார்கள். "இருபத்தாறு மார்க் கூடுதலா வந்திருக்கு."

"நெஜமாவா? டேய்! நல்லதுடா, நல்லதுடா கண்ணு. சாப்பிட்டியா?"

"சாப்பிடறேன்பா. சீனியர் எல்லாருக்கும் சொல்றாரு. பேர் சொல்லிக் கூப்பிட்டாரு."

கிலோ கண்ணைத் துடைத்துக்கொண்டார். உள்ளே தேடிப் பார்த்தார். சந்தோஷம் இருந்தது, சுத்தமான சந்தோஷம், ஒரு கலப்படமும் இல்லாமல். அதற்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது.

"எப்ப வரே?"

"வரேன்பா. வக்கீல் உறுதிமொழி எடுக்கணும், அப்புறம் கேஸ் குடுக்கறேங்கறாரு. பாத்துட்டு வரேன்."

"ஒண்ணும் அவசரமில்ல. வேலையைப் பாரு."

நெல் லாரி டிரைவர் ஜன்னலில் குனிந்தார். "என்னண்ணே, நல்ல சேதியா?"

"பையன் வக்கீலாயிட்டான்."

"அப்படிப் போடுங்க! அப்ப இனிமே நம்ம ஊருக்கே வந்துடுவானா?"

"வர மாட்டான்" என்றார் கிலோ. "அதான் வக்கீலாயிட்டானே."

மகன் ஒரு தடவை வந்தான், கறுப்புக் கோட்டை மடித்து எடுத்துக்கொண்டு. அப்பாவுக்காகப் போட்டுக் காட்டினான். ஒரு நாள் இருந்தான். கோபம் எல்லாம் போயிருந்தது. தையற்காரம்மா கோட்டின் கை நீளம் அதிகம் என்று சொல்லி அங்கேயே பிரித்து மடித்துத் தைத்துக் கொடுத்தாள். அதற்குப் பிறகு வாரத்துக்கு ஒரு ஃபோன், சில வாரம் அதுவும் இல்லை.

மழைக் காலம் வந்தது. பெரிய பள்ளிக்கூடத்தில் மறுபடி சென்டர் போட்டார்கள். இந்தத் தடவை முப்பத்தேழு பேர் என்று பேசிக்கொண்டார்கள்.

பரீட்சையன்று காலை எட்டு மணிக்கே கிலோ பள்ளிக்கூட வாசலில் நின்றார். பிள்ளைகள் குடைக்குள் தலையைக் கவிழ்த்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் கண்ணை மூடிக்கொண்டு ஏதோ பிரிவு எண்களை முணுமுணுத்தாள். எட்டரைக்கு கேட்டைத் திறந்தார்கள், எல்லோரும் உள்ளே போனார்கள், கேட்டைச் சாத்தினார்கள். கூட வந்தவர்கள் சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகையின் கீழ் ஒதுங்கினார்கள். கிலோவும் ஒதுங்கினார்.

பக்கத்தில் ஒரு அம்மா ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெகுதூரத்திலிருந்து வந்தவள் போல, சேலையின் கீழோரம் எல்லாம் சேறு.

"என் பொண்ணு எழுதறா" என்றாள். "மூணு பஸ் மாறி வந்தோம். தலைநகரத்துக்குப் போறதுன்னா எங்களால ஆகியே இருக்காது. உங்களுக்குப் பொண்ணா, பையனா?"

"பையன்" என்றார் கிலோ.

"உள்ள எழுதறாரா?"

மழை தகரத்தில் விழுகிற சத்தம் அதிகமானது. அவருக்குக் கேட்கவில்லை என்று நினைத்து அவள் இன்னொரு தடவை கேட்டாள்.

"ஆமா" என்றார். "எழுதறான்."

"எத்தனாவது தடவை?"

"நாலாவது."

அவள் உச்சுக் கொட்டினாள். ஃபிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி அவரிடம் நீட்டினாள். "குடிங்க. மனசைத் தளர விடாதீங்கண்ணே. நாலு தடவை எழுதறதுக்கே ஒரு தைரியம் வேணும். பிள்ளை நல்ல பிள்ளையா?"

"ரொம்ப நல்லவன். நான் எவ்வளவு பேசினாலும் மூஞ்சியைச் சுளிக்க மாட்டான்."

"அப்ப கண்டிப்பா பாஸாயிடுவாரு. பாருங்க, இந்தத் தடவை பாஸ்தான்."

"ஆகட்டும்" என்றார் கிலோ. டீ சூடாக இருந்தது. அவள் தன் ஊரைப் பற்றி, மகள் படித்த கதையைப் பற்றி, ஆடு விற்றுக் கல்லூரியில் சேர்த்ததைப் பற்றிச் சொன்னாள். பின்னாலிருந்து யாரும் ஹாரன் அடிக்கவில்லை. அவரும் மகனைப் பற்றிச் சொன்னார். நாற்காலி வாங்கியது, வேர்க்கடலை வறுத்தது, ஈர மணல் கேள்வி எல்லாவற்றையும். அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

பன்னிரண்டரைக்கு மணி அடித்தது. அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள். கிலோவும் எழுந்தார், ஆனால் ரோட்டைப் பார்த்து நடந்தார்.

"என்னண்ணே, பையன் வர நேரத்துல எங்க போறீங்க?"

"லாரி நிக்கும்மா" என்றார். "போயிட்டு வந்துடறேன்."

அவர் அந்த இரண்டு நாளைக்கும் லீவு சொல்லியிருந்தார். வீட்டுக்குப் போய் நனைந்த சட்டையைக் கொடியில் போட்டார். மறுநாளும் பரீட்சை இருந்தது. காலையில் எத்தனை மணிக்கு எழுந்தால் கொட்டகையில் அதே இடம் கிடைக்கும் என்று யோசித்துக்கொண்டே, ஒரு ஆளுக்கு அரிசி அளந்து போட்டார்.